அடுப்படியில் வளர்ந்த கிடா

கடந்த ஓராண்டாக ஹெர்மெலிந்தா பத்தடி நடப்பதற்குள் இரண்டு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மலைமேட்டில் ஆட்டைத் தூக்கும் பூமாச் சிறுத்தைகளின் நடமாட்டம் உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். அவள் மகள் ருஃபினாவுக்கு நான் ஞானத்தாய்; அந்த உறவில் ஒருவரையொருவர் கோமாத்ரே என்று கூப்பிடுவோம். எங்கள் இரண்டு பட்டிகளுக்கும் நடுவே ஓர் ஓடை மட்டும்தான்.

அவளை நல்ல மேய்ப்பவள் என்று சட்டென்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் கவனமானவள். கம்பளிக்காக நாங்கள் மேய்க்கும் அல்பாகா காலை வேளையில்தான் ஈனும். குளிர் இறங்குவதற்குள் குட்டி காய்ந்து எழுந்து நிற்க வேண்டும். அதனால் மழைக்காலக் காலைகளில் அவள் பெட்டைகளை விட்டு நகர்வதில்லை. தொப்புளில் மருந்து தடவுவாள். குட்டி சீம்பால் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே தன் உருளைக்கிழங்கை உரிப்பாள். அப்படிப்பட்டவள்தான் தவறினாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்டையை இடி கொன்றது. மிஞ்சியது இரண்டு நாள் ஆண் குட்டி, அப்பழுக்கில்லாத வெள்ளை. குட்டியை இழந்த தாய் இருந்தால், செத்த குட்டியின் தோலை இதன்மேல் கட்டி ஏமாற்றிச் சேர்த்துவிடலாம். அந்த வருடம் அப்படி ஒரு தாய் இல்லை. ஹெர்மெலிந்தா அதைச் சால்வையில் கட்டி முதுகில் சுமந்தாள். புட்டிப்பால் கொடுத்து அடுப்பருகே தூங்க வைத்தாள். உன் மூத்த மகன் எப்படி இருக்கிறான் என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

பால் கொடுத்ததில் பிழையில்லை. கொடுத்த கையோடு மந்தைக்குள் தள்ளியிருக்க வேண்டும். மற்ற குட்டிகளின் கடியும், பெட்டைகள் துப்பும் எச்சிலும்தான் ஒரு கிடாவுக்கு அது யாரென்று காட்டுகின்றன. பிறர் நம்மை விலக்கும் இடத்தில்தான் நம் எல்லை நமக்குத் தெரிகிறது போலும். அவனை யாரும் விலக்கவில்லை; மனிதரையும் தன்னைப் போன்ற கிடாக்கள் என்றே எண்ணி வளர்ந்தான்.

டிசம்பரில் ஒரு நாள் ஓடையில் கம்பளி அலசும்போது அவள் பாவாடை சற்று விலகியது. முழங்காலுக்குப் பின்னே கறுத்துப்போன கடித்தடம்.

"என்ன கோமாத்ரே இது? நிக்கனோர் அடிச்சானா?"

"அவனா? புருஷன் கை ஓங்குனா நான் சும்மா விடுவேனா? இது கிடா."

"எது?"

"என் மூத்த மகன்னு சிரிப்பீங்களே, அவன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"காயடிச்சா அடங்கிருவான்."

"எட்டு மாசம் ஆச்சு. மத்ததுங்களோட சேர்த்து அவனுக்கும் பண்ணியாச்சு. சண்டைப் பல்லையும் அறுத்தாச்சு. இன்னமும் என்னைத்தான் தேடி வர்றான். மத்த கிடாவோட மோதுறதே இல்ல. என்னைத் தள்ளி மேல உக்காருறான். பயமா இருக்கு கோமாத்ரே."

"நிக்கனோர்ட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அறுத்துருவான். மடியில வளத்ததை அறுத்தா மலை சும்மா இருக்குமா? எல்லாம் மலை நம்மகிட்ட ஒப்படைச்ச உசிருங்க. இடியா இறங்கி மிச்சத்தையும் வாங்கிக்கும்."

"சனிக்கிழமை ருஃபினா வர்றாளே."

அவள் கை தண்ணீரிலேயே நின்றது. ருஃபினாவுக்கு ஆறு வயது. நகரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். மூன்று மாத விடுமுறை.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு காரியம் செய்தாள். ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடாக்கள் மேயும் ஈரப் புல்வெளியில் கம்பைத் தூர வைத்துவிட்டு முழங்காலிட்டாள். எதற்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு உயரத்தைக் கவனித்தேன். ஒரு சிறுமியின் உயரம்.

அவள் வளர்த்த கிடா தலையை நிமிர்த்தினான். காதுகள் பின்னால் படிந்தன. தொண்டையில் களகளவென்ற சத்தம். அவசரமில்லாமல் வந்தான். நெஞ்சால் மோதிக் குப்புறத் தள்ளி, அவள் கழுத்தின்மேல் முழுப் பாரத்தோடு படுத்தான். அவள் முகம் சேற்றுக்குள் போனது. நான் கவணில் கல் விட்டேன், விலாவில் பட்டது. அவன் என்னை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். நிக்கனோர் ஓடிவந்து கழுத்தில் கயிறு போட்டு இழுத்த பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

"இத்தனை நாளா ஏன் வாயத் திறக்கல?" என்று நிக்கனோர் கத்தினான்.

"என்னன்னு சொல்ல? புள்ள அடிக்குதுன்னா?" சேற்றைத் துப்பினாள். "இப்பவே அறுத்துரு. நாளைக்குன்னா நான் வேணாம்னுருவேன்."

அறுக்குமுன் மலைக்குச் செய்யும் மரியாதையாகக் கிடாவின் வாயில் கோக்கா இலையை அவளே வைத்தாள், அவன் தலையை மலைப்பக்கம் திருப்பினாள். நிக்கனோர் அறுத்தான். அன்றும் மறுநாளும் மேகம் திரளும்போதெல்லாம் மந்தையைப் பட்டிக்குள் ஓட்டினாள். இடி எங்கும் விழவில்லை.

சனிக்கிழமை ருஃபினா லாரியிலிருந்து குதித்து நேரே குட்டிகளிடம் ஓடினாள். நான்கு நாள் குட்டியொன்று அவள் விரலைச் சப்ப வந்தது.

"தொடாத!"

ஹெர்மெலிந்தா மகளிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ருஃபினா கையை இழுத்துக்கொண்டாள்.

"சின்னக் குட்டிதானேம்மா. ஒண்ணும் பண்ணாது."

"சின்னதுங்கறதாலதான் சொல்றேன்" என்றாள் ஹெர்மெலிந்தா. குட்டியைக் காலால் தாயின் பக்கம் தள்ளினாள். அது கத்திக்கொண்டே திரும்பி வந்தது. மறுபடியும் தள்ளினாள்.