ஆறாம் கட்டிலின் மணி

இதைக் கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். எனக்குக் கோபம் வரும். கண்டதையும் பார்த்து மிரளுகிற ஆள் நானில்லை. பிணத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடித்தவள். நான் நர்ஸ்.

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். நர்சிங் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள், பாவம். உங்கள் ஊரில் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். எங்கள் ஊரில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ் வேலைக்குப் பஞ்சமே இல்லை. யார் வந்தாலும் ஆறு மாதத்தில் அனுபவச் சான்றிதழை வாங்கிக்கொண்டு பெரிய ஊருக்குப் பறந்துவிடுவார்கள். நான் மட்டும் பறக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் காலம் கனிந்தது. நகரத்தில் பெரிய மருத்துவமனை, மூன்று மடங்கு சம்பளம். மறுநாள் காலையில் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. கடைசி பஸ் இரவு ஒன்பது மணிக்கு. எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி முடியும். பெட்டியை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. அடுத்த நர்ஸ் வர வேண்டும். கட்டில் கட்டிலாக நாம் விவரம் சொல்ல வேண்டும். அவள், "பாத்துக்கறேன் சிஸ்டர், நீங்க போங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை தலை போகிற அவசரமானாலும் வார்டை விட்டு நகரக் கூடாது.

அன்று பெண்கள் வார்டு. ஆறு கட்டில், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நர்ஸைக் கூப்பிட ஒரு மணி. ஐந்தில் ஆள் இருந்தது. ஆறாவது காலி. வெளியே நல்ல மழை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

7.50. கதவுச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினால், ஆறாம் கட்டில் பக்கத்தில் ஒரு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

தலையில் வெள்ளைத் தொப்பி. நாங்கள் தொப்பியை விட்டுப் பல வருடம் ஆகிறது. வழக்கமாக வருகிறவளுக்குப் பதில் யாரோ பழைய ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். யாராக இருந்தால் எனக்கென்ன, என் பஸ் எனக்கு. அவர் கையில் ஒரு பெட்டி இருந்தது. அந்த மழையில் வந்தவர்... உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"வந்துட்டியா? ரொம்ப நேரமா நிக்கறேன்மா" என்றார்.

விவரம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். முதல் கட்டில், சர்க்கரைக்காரம்மா, ஊசி போட்டாச்சு. இரண்டாவது, குளுக்கோஸ் பத்து மணிக்குத் தீரும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். எல்லாமே சரி. இப்போதுதான் வந்தவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. கண் கடிகாரத்துக்குப் போய்விட்டது.

"ஆறாவது கட்டில்காரி அடிக்கடி மணி அடிப்பா. கோவிச்சுக்காத. பாத்துக்கறியா?"

ஐந்து வருடப் பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"பாத்துக்கறேன் சிஸ்டர், நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அதை அவரல்லவா சொல்ல வேண்டும்?

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெட்டியோடு கதவுப் பக்கம் போனார். கதவு திறக்கவில்லை. ஆனால் அவர் இல்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். கதவில் கை வைத்தேன்.

டிங்...

ஆறாம் கட்டில் மணி.

திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மற்ற ஐந்து பேரும் அசையாமல் தூங்கினார்கள்.

மறுபடி கதவைத் தொட்டேன்.

டிங்... டிங்...

கையை எடுத்தேன். நின்றது.

தொட்டேன்.

டிங் டிங் டிங் டிங்...

இழுத்தேன். கதவு வரவில்லை. கத்தினேன். குரல் வரவில்லை.

9.00. பஸ் ஹாரன் கேட்டது.

தூரத்தில் இன்னொரு தடவை.

அவ்வளவுதான்.

மணி நின்றது. கதவு தானாகத் திறந்தது. நைட் டியூட்டி பெண் தொப்பலாக நனைந்து நின்றாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்க்கா தாழ்ப்பாள் போட்டீங்க? எட்டு மணியிலருந்து தட்டறேன்."

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

மறுநாள் வார்டு ஆயாவிடம் சொன்னேன். தொப்பி என்றதுமே அவர் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். நான் பிறப்பதற்கு முன்னால் அந்த வார்டில் இருந்த சிஸ்டராம். நகரத்தில் வேலை கிடைத்து, பெட்டியோடு டியூட்டிக்கு வந்தார். அவரை மாற்றிவிட வேண்டியவள் வரவேயில்லை. வார்டை விட்டுப் போகாமல் காத்திருந்தவருக்கு இரவில் நெஞ்சு வலி. காலையில் ஆறாம் கட்டிலில் கிடந்தார். உயிர் இல்லை. விரல் மட்டும் மணியின் பொத்தான்மேல் இருந்தது.

"ராத்திரி பூரா அடிச்சிருக்கா. ஒருத்தருக்கும் கேக்கல" என்றார் ஆயா. அன்றைக்கே அந்த மணியின் ஒயரை வெட்டிவிட்டார்களாம். கட்டிலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். சுவரில் வெட்டிய ஒயரின் நுனி பச்சைக் களிம்பேறித் தொங்கியது.

அதன் பிறகு அந்த சிஸ்டரை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் இரண்டு வேலை வந்தது. இரண்டு தடவையும் பெட்டி கட்டினேன். இரண்டு தடவையும் மணி அடித்தது. அழுதும் பார்த்துவிட்டேன், சாமியைத் திட்டியும் பார்த்துவிட்டேன். அவர் போன வழி ஒன்றுதான் பாக்கி. யாராவது ஒருத்தி என்னிடம் ஆறாம் கட்டிலோடு சேர்த்து வார்டை வாங்கிக்கொள்ள வேண்டும்... அந்த வார்த்தையைச் சொல்லி.

எத்தனையோ நர்ஸ்கள் தினமும் என்னிடம் அதைச் சொல்கிறார்கள். ஆறாம் கட்டிலைப் பற்றி மட்டும் நான் இதுவரை எவளிடமும் சொன்னதில்லை. மனசு வரவில்லை.

நேற்றுச் சித்தி மகளுக்குப் போன் செய்தேன். என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. வேலை இருக்கிறது, பெட்டியோடு வந்துவிடு, ஆறு கட்டிலையும் நானே சுற்றிக் காட்டுகிறேன் என்றேன்.

அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எனக்கென்னக்கா பயம், நீ பாத்துக்க மாட்டியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வருகிறாள்.