மோரே கணக்கில் சேராது

நோன்பு ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள். ஜிடின் மூன்று கிலோ ஏறியிருந்தான். ஊரெல்லாம் நோன்பில் இளைக்கும், இந்த மனுஷன் மட்டும் ஊதுவானா என்று அவன் பெண்டாட்டி சல்பியாவுக்கு எரிச்சலாக வந்தது.

ஜிடின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். சர்க்கரை ஏறி, வலது கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியதால், லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போட டாக்டர் மறுத்துவிட்டார். பெருநாள் முடிந்து வரச் சொல்லியிருந்தார். அதிலும் தவறினால் பஸ் கைவிட்டுப் போகும். அதனால்தான் நோன்பு திறக்கும்போது அரைத் தட்டுச் சோறும் மீன் சூப்பும் மட்டும் வைத்தாள். அவனும் அதைத் தின்றுவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினான். விரல் வீக்கம் வற்றவில்லை.

கிளினிக்கில் நர்ஸ் மிஸியிடம் போய் நின்றாள்.

"பகலெல்லாம் காயப்போட்டுட்டு, படுக்கப்போற நேரத்துல வயித்த ரொப்பினா உடம்பு என்ன பண்ணும், அக்கா? சர்க்கரை ஏறும், வீக்கமும் தணியாது. பத்து மணிக்கு மேல தின்றாரா?"

"எங்க வீட்ல எட்டு மணிக்கே சட்டி கழுவியாச்சு, மிஸி!"

திரும்பும் வழியில், ஊர்த் தொழுகைக்கூடமான சூராவில் பாங்கு சொல்லும் பிலாலின் மனைவி கல்சோம் எதிர்ப்பட்டுச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரர் இல்லேன்னா சூராவுல மோரே சட்டி காலியாகாது. நேத்து ரெண்டாங் கறிக்கு மூணு தடவை கை நீட்டினாரு."

மூட்டுவலிக்காரி சல்பியா வீட்டிலேயே தொழுகிறவள். இரவுத் தொழுகை முடிந்து சூராவில் வைக்கும் மோரே சாப்பாடு அவள் நினைவிலேயே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் புருஷனிடம் வெடித்தாள்.

"அபாங், மோரேயில என்ன தின்னீங்க?"

"அது தொழுதவங்களுக்கு வைக்கிறது. நன்மைல கொழுப்பு ஏறுமா? கணக்குல சேராது."

"உங்க கட்டைவிரலுக்கு அது தெரியலையே!"

மறுநாள் மோரே கொடுப்பது அவர்கள் வீட்டு முறை. நோன்பு திறந்ததும் அவனை உட்காரவைத்து, ராத்திரி பசிக்காதபடி வயிறாரப் போட்டாள். சூராவுக்குத் தர்பூசணியும் சர்க்கரை போடாத தேநீரும் போயின.

"இது மோரேயா, ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" என்றார் பிலால்.

விரல் மடங்காமல் நாற்காலியில் தொழுதிருந்த ஜிடின் தலை கவிழ்ந்தான். "விடுங்க, பிலால். நான் பிரேக்க மிதிக்கணும்."

அதன்பின் தொழுகை முடிந்ததும் அவன் நேரே வீட்டுக்கு வந்தான். உர்ரென்று வருவான், ஆனால் வருவான்.

பெருநாள் கழிந்து டாக்டர் கையெழுத்துப் போட்டார், ஆறு மாதத்துக்கு மட்டும். கிளினிக் வாசலுக்கு வந்ததும் ஜிடின் மூக்கை விரித்து வாசனை பிடித்தான்.

"சல்பியா, அந்தக் கடைல நாசி கண்டார் சோறு..."

"பஸ்ல ஏறுங்க!"