பாவில் சுருண்ட விண்கல்

விண்கல் சேர்ப்பவனுக்கு வேண்டியது ஒரு காந்தம், தேயாத செருப்பு, கேலியைக் காதில் வாங்காத குணம். ஆரணியில் ஜரிகைக் கடை வைத்திருப்பவன் நான். கல் பொறுக்குவது என் பைத்தியம். பழைய நாணயமோ தபால் தலையோ சேர்த்து வீட்டில் திட்டு வாங்குபவர்களுக்கு என் பாடு புரியும். எங்கே கல் விழுந்ததென்று கேள்விப்பட்டாலும் ஓடுவேன். எனக்கு முன்னால் யாராவது பொறுக்கியிருப்பார்கள். நானே கண்டெடுத்த கல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்த ஏக்கம் எனக்கு நிறையவே உண்டு.

கடலைக் கொல்லையில்

ஒருநாள் விடிந்ததும் வானத்தில் ஒரு நெருப்புக் கோடு ஓடியது. பிறகு பெரிய வெடிச் சத்தம். சந்தவாசல் பக்கம் விழுந்ததென்று சொன்னார்கள். கடையை மூடிவிட்டு ஓடினேன். கழியில் காந்தத்தைக் கட்டி, கொல்லை கொல்லையாகத் தேடினேன். கிடைத்தவை நட்டு, போல்ட்டு, ஓர் உடைந்த அரிவாள். அங்கே கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பழைய இரும்புக் கட எந்த ஊர்ல வச்சிகினு இருக்கீங்க?"

வீட்டில்

அடுத்து வந்த நாட்களிலும் போனேன். மழை பெய்தால் கல் துருப்பிடித்துப் பாழாகிவிடும் என்ற பயம் எனக்கு. கடை பாதி நாள் பூட்டியே கிடந்தது. என் மனைவி சுமதி செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்களத் தேடி வர்ற கல்லா இருந்தா அதுவே வரும். ஜல்தியா கடையத் தெறங்க."

கஞ்சிக் கட்டி

திறந்தேன். ஜரிகை வாங்க வந்த நெசவாளர் ஏழுமலை அலுத்துக்கொண்டார். வெடிச் சத்தம் கேட்ட அன்று தெருவில் புடவைக்கான பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டு, சுருட்டிக்கொண்டிருந்தார்களாம். எல்லாரும் அண்ணாந்து பார்த்த நேரத்தில் ஏதோ கஞ்சிக் கட்டி உள்ளே சுருண்டுவிட்டதாம். தறியில் ஏற்றிய பிறகு பாவு உருளையில் ஓர் இடம் புடைத்துக்கொண்டிருக்கிறதாம்.

அவர் வீடு போய்ச் சேருமுன் நான் அங்கே நின்றேன். காந்தத்தைப் பட்டு நூலில் கட்டிப் புடைப்பின் அருகே தொங்கவிட்டேன். லேசாக அந்தப் பக்கம் சாய்ந்தது. கஞ்சி காந்தத்தை இழுக்காது. உருளையைப் பிரித்துக் காட்டும்படி கெஞ்சினேன். அவர் அசையவில்லை.

"பிரிச்சா இழை கலைஞ்சிடும்ணா. முகூர்த்தப் புடவ. அவ்ளோ தூரம் வந்த கல்லு, நான் நெய்ஞ்சி முடிக்கிற வரைக்கும் இருக்காதா?"

உள்ளங்கையில்

தினமும் கடை திறக்குமுன் தறியருகே போய் உட்கார்ந்தேன். புடவை வளர வளர உருளை இளைத்தது. இதுவும் நட்டாகப் போய்விடுமோ என்று காந்தத்தை மறுபடி மறுபடி தொங்கவிட்டுப் பார்த்தேன். முந்தானை பாதி நெய்தபோது அந்தச் சுற்று பிரிந்தது. ஏழுமலை முதலில் இழைகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் அறுபடவில்லை. பிறகு புளியங்கொட்டை அளவில் ஒரு கல்லை என் கையில் வைத்தார்.

மேலே தீய்ந்த கறுப்புத் தோல். உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறம், இரும்பு மினுமினுப்பு. மண் படவில்லை, மழை படவில்லை. காந்தம் டக்கென்று ஒட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரசு ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். விண்கல்தான், வெடித்தபோது சிதறி வந்த துண்டு என்றார்கள். கண்டெடுத்தவர்கள் என்று எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். செய்தி சொன்னதும் ஏழுமலை தறியில் ஓடிய நாடாவை நிறுத்தாமலே சிரித்தார்:

"நீங்க மண்ணுல தேடிகினு இருந்தீங்க, நான் பட்டுல சுத்தி வச்சிகினு இருந்தேன்."

வானத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிட்ட கல், என் கடைக்கு அடுத்த தெருவிலிருந்து என் கைக்கு வர ஒரு முழுப் புடவை நெய்யவேண்டியிருந்தது.