அம்மா இருக்கும் அறை

மகள் என்னிடம் நித்திரைக்கு வருவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து சில மாதங்கள். பகலில் என்னோடு விளையாடுவாள், சிரிப்பாள், என் தலைமயிரைப் பிடித்து இழுப்பாள். பொழுதுபட்டுக் கண் சொக்கத் தொடங்கினால் என் கையைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் போய்விடுவாள். அவருடைய நெஞ்சில் குப்புறக் கிடந்து, சட்டைப் பொத்தானைத் திருகித் திருகியே தூங்குவாள். பொத்தான் இல்லாத சட்டை போட்ட நாளில் மனிதர் பாடு திண்டாட்டம்தான்.

நான் செயலமர்வுகளிலும் கூட்டங்களிலும் உரைபெயர்க்கிறவள். வீடு கிளிநொச்சியில், வேலை பெரும்பாலும் கொழும்பில். ஒருவர் சிங்களத்தில் பேசப் பேச நான் மைக்குக்குள் தமிழில் சொல்லவேண்டும். பேசுகிறவர் அழுதாலும் என் குரல் அழக்கூடாது, அவர் கத்தினாலும் நான் கத்தக்கூடாது. இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது என் கணவரின் முறைப்பாடு. எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, குசினியில் பாத்திரம் வைக்கிற சத்தம்தான் கொஞ்சம் உயரும்.

அவர் விவசாயப் போதனாசிரியர். காலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வயல் பார்க்கப் போவார், பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார். அக்கா வீட்டில் மகள் தங்கமான பிள்ளை. ஒரு சாமானை எடுக்கமுதல் அக்காவின் முகத்தைப் பார்ப்பாளாம். சாப்பிட்டு முடிந்ததும் கை கழுவிவிடச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுவாளாம். பாயில் போட்டுத் தட்டினால் பொத்தானும் கேட்காமல் தூங்கிவிடுவாளாம். எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை எங்கே போகிறதோ தெரியாது. கோப்பையைக் கவிழ்ப்பாள், கறிக் கையை அப்பாவின் சட்டையில் துடைப்பாள். அவருடைய நல்ல சட்டைகளில் மஞ்சள் போகாமல் கிடப்பதைப் பார்த்து நான்தான் ஏசுவேன். என் உடுப்பில் அவள் கை துடைத்ததே இல்லை. அது நல்ல விஷயம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

கொழும்பில் வேலை என்றால் தங்குவது எப்போதும் ஒரே ஹோட்டலில். என்னைக் கூப்பிடுகிற நிறுவனங்களுக்கும் அந்த ஹோட்டலுக்கும் ஏதோ ஒழுங்கு இருந்தது. முதல் தடவை வரவேற்பு மேசையில் இருந்த பெண் உறுப்பினராகச் சேரச் சொன்னார், நானும் யோசிக்காமல் சேர்ந்தேன். அதற்குப் பிறகு தங்குகிற ஒவ்வொரு இரவுக்கும் என் பெயரில் புள்ளி விழுந்தது. கட்டணம் கட்டுகிறது யாரோ, புள்ளி எனக்கு.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கட்டிலில் ஏறிச் சாய்ந்திருந்து வீட்டுக்கு வீடியோ கோல் எடுப்பேன். போன் சார்ஜ் பண்ணுகிற இடம் கட்டில் தலைமாட்டில்தான் இருக்கும், அதனால் எப்போதும் அதே இடம்தான். எனக்குப் பின்னால் நீட்டுக்குப் பலகையும் வெள்ளைத் தலையணைகளும் ஒரு பக்கத்தில் மஞ்சள் விளக்கும். அங்கே வீட்டில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, அதற்கு முன்னால் கதிரையில் ஏறியிருந்து மகள் சாப்பிடுவாள். முடிவில் மூக்கு நசிய போனில் முகத்தை அமுக்கி ஒரு கொஞ்சு. "அம்மா டாட்டா." அதோடு எனக்குத் திரை இருட்டாகிவிடும்.

அந்த வருட முடிவில் ஹோட்டலில் இருந்து மின்னஞ்சல் வந்தது. புள்ளிகளைப் பாவிக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்றிருந்தது. கணவரிடம் காட்டினேன்.

"உந்தப் புள்ளியைக் குடுத்தா அரிசி ஏதும் தருவினமோ?" என்று கேட்டார்.

"அறைதான் தருவினம். திருகோணமலையில கடற்கரையோட அவையின்ர ஹோட்டல் ஒண்டு இருக்கு. மூண்டு இரவு நிக்கலாம், சாப்பாட்டோட."

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது பெரிய பகிடியாக இருந்தது. "பள்ளிக்கூடத்தில வாங்காத புள்ளியெல்லாம் இப்ப வாங்கிறாய் போல. கடல் பாக்க உவ்வளவு தூரம் போகோணுமே பிள்ளை? முல்லைத்தீவில கடல் இல்லையே?"

இருக்கிறது. ஒரு பின்னேரத்தில் போய்வரலாம். ஆனால் என் மனதில் இருந்தது கடல் அல்ல. வீட்டில் கட்டிலும் அவருடையது, பொத்தானும் அவருடையது, நான் இடையில் வந்து போகிறவள். எல்லாருக்கும் புதிதான ஓர் இடத்தில் பிள்ளை என்னிடம் தூங்குவாள் என்று நம்பினேன். ஒரேயொரு இரவென்றாலும் போதும் என்றிருந்தது. புறப்படுகிற கிழமை அவரிடம் நிபந்தனை போட்டேன்.

"இஞ்சேருங்கோ, அங்க போனா நீங்கள் அவளை நித்திரையாக்கப்படாது. நான்தான் ஆக்குவன்."

"அழுதா?"

"அழுதாலும் நான்தான்."

"சரி. உம்மட புள்ளி, உம்மட சட்டம்."

சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் நுளம்பு வலையையும் கயிற்றையும் பைக்குள் வைத்ததைக் கண்டு எனக்கு எரிச்சல் வந்தது. அது நல்ல ஹோட்டல், அங்கே நுளம்பு இல்லை என்றேன்.

"அதை நுளம்புக்கு ஆர் சொன்னது?" என்றார்.

வாடகை வானில் போனோம். மாங்குளம் வரைக்கும் மகள் மாடுகளை எண்ணினாள், அதாவது எல்லா மாட்டையும் ஒன்று என்றாள். வவுனியாவில் சத்தியெடுத்தாள். நான் துணியோடு கிட்டப் போக என் கையைத் தட்டிவிட்டு அவரிடம் தாவினாள், அவர்தான் துடைத்துவிட்டார். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சட்டம் ஹோட்டலுக்குப் போன பிறகுதானே.

அந்த ஹோட்டலுக்கு நான் ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் வரவேற்பு மேசையில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் எங்களிட்ட வந்ததுக்குச் சந்தோஷம் மேடம்" என்றான். மேலே நல்ல அறையாக மாற்றித் தந்திருப்பதாகவும் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. கணவர் பைகளைத் தூக்கிக்கொண்டே, "உம்மை இஞ்ச எல்லாருக்கும் தெரியுது" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று நான் ஆராயவில்லை.

அறைக் கதவைத் திறந்து, அட்டையைச் சுவரில் செருகினேன். விளக்குகள் எரிந்தன. ஒரே முதலாளியின் ஹோட்டல் என்பதால் அறையும் ஒரே அச்சுத்தான், நீட்டுக்குப் பலகையும் வெள்ளைத் தலையணைகளும் மஞ்சள் விளக்கும். மகள் வாசலில் நின்றுவிட்டாள். அப்படியே கட்டிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வந்து என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலைத் தட்டினாள். ஏறி இருந்தேன். போதாது என்று இன்னும் தள்ளினாள், பலகையில் சாயும்வரை விடவில்லை. பின்பு வாசலுக்குத் திரும்பிப்போய் நின்று என்னை நெடுநேரம் பார்த்தாள். எல்லாம் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டில் விளையாடப் போனாள்.

"உமக்கு ஆசனம் குடுத்தாச்சு" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளை என்னோடு ஒட்டிக்கொண்டாள். இடியப்பத்தைச் சொதியில் நனைத்து நான் ஊட்ட, மறுக்காமல் வாயைத் திறந்தாள். முடிந்ததும் இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள், துடைத்துவிட்டேன். தண்ணீர்க் குவளை, விளக்கின் சுவிட்ச், மேசையில் இருந்த பழம் எதைத் தொடமுதலும் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஓம் என்றால் தொட்டாள். அன்றிரவு அவர் நுளம்பு வலையைத் திரைச்சீலைக் கம்பியிலும் சுவர் விளக்கிலும் கட்டப் பார்த்து, விளக்கு ஒரு பக்கம் சரியவே, வலையை மடித்து மறுபடி பைக்குள் வைத்தார். நான் குளிர்க்காற்றை நிறுத்திவிட்டு மகளை அணைத்துக்கொண்டு படுத்தேன். அப்பாவைத் தேடவில்லை. பொத்தானையும் கேட்கவில்லை. நான் தட்டத் தட்ட என் கையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கை விறைத்துப்போனது, ஆனாலும் எடுக்க மனமில்லை. பக்கத்தில் கிடந்தவருக்கு இது விளங்கவேண்டுமே என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பாவம், அவருக்கும் நெஞ்சு காலியாக இருந்திருக்கும். அது பிறகுதான் யோசித்தேன், அப்போது எனக்கு வெற்றி மட்டும்தான் தெரிந்தது.

மூன்று இரவும் அப்படித்தான். பகலில் இளஞ்சூடான கடலில் காலை நனைத்தோம், மணலில் குழி தோண்டினோம், வெயில் ஏற அறைக்கு ஓடினோம். அக்காவுக்குக் கோல் எடுத்து, "அக்கா, பிள்ளை என்னைவிட்டு அசையிறாளில்லை" என்று பெருமையடித்தேன்.

"பின்ன, பிள்ளை தாயை விடுமே" என்றார் அக்கா.

கடைசி நாள் காலையில் அவர் பைகளைக் கட்டி, மகளுக்குச் செருப்பு மாட்டித் தூக்கிக்கொண்டார். நான் வழக்கம்போல இழுப்பறைகளைத் திறந்து எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்த்துக்கொண்டு கட்டிலடியில் நின்றேன். அவர் வாசலுக்குப் போகமுதல் மகள் என் பக்கம் சரிந்தாள். தூக்கச் சொல்கிறாள் என்று கிட்டப் போனேன். மூக்கு நசிய என் கன்னத்தில் முகத்தை அமுக்கிக் கொஞ்சினாள்.

"அம்மா டாட்டா" என்றாள். கையையும் ஆட்டினாள்.

முகத்தில் கவலை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாளும் செய்கிற வேலையைச் செய்து முடித்த முகம். போய்விட்டு வருகிறோம், நீ இங்கேயே இரு.

"அம்மாவும் எங்களோடதான் வாறா, குஞ்சு" என்றார் அவர். மகள் கட்டிலைப் பார்த்தாள், தலையணைகளைப் பார்த்தாள். அவர் சொன்னதை நம்பினதாகத் தெரியவில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இது அம்மாவின் வீடு. அவளும் அப்பாவும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார்கள். வந்த இடத்தில் பிள்ளை கேட்டுத் தொட்டது, தந்ததைச் சாப்பிட்டது, கையை நீட்டித் துடைப்பித்தது, போட்ட இடத்தில் தூங்கியது. அக்கா வீட்டில் இருப்பதைப்போலத்தான் என்னிடமும் இருந்திருக்கிறாள். நான் அதை என் கெட்டித்தனம் என்று எண்ணி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். "நாங்கள் கீழ போறம், நீர் ஆறுதலா வாரும்" என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். முகம் கழுவினேன் என்று எழுதலாம். அழுதேன்.

வானில் மகள் அடிக்கடி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷி இன்னும் இறங்கவில்லையே என்று நினைத்தாளோ தெரியாது. ஹொரவப்பொத்தானை ஊரைத் தாண்ட அவளுக்குக் கண் சொக்கியது. அப்பாவின் நெஞ்சில் ஏறிப் பொத்தானைத் தேடினாள். அவர் என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை, படுக்கட்டும்" என்றேன்.

பொழுதுபட வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் குசினிக்குள் புட்டு அவித்தார். நான் அறைக்குள் உடுப்பு மாற்றி, பையிலிருந்து ஈர உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மேசைப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன். மகள் அப்பாவின் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்துவிட்டு, புட்டுக் கோப்பைக்கு முன்னால் ஏறியிருந்து, "அம்மா" என்று அதைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு, அம்மா இஞ்சதானே..." என்று குசினி வாசலில் நின்று தொடங்கியவரை நான் இடுக்கால் கைகாட்டி நிறுத்தினேன். எடுங்கோ என்று சைகை செய்தேன். அவர் எடுத்துவிட்டார்.

எங்கள் கட்டிலில் ஏறிச் சுவரில் சாய்ந்திருந்தேன். பலகை இல்லை. பச்சைச் சுண்ணாம்பு உரிந்த சுவர், அதில் ஒரு கலண்டர், எனக்குப் பக்கத்தில் துவைக்கிற உடுப்புக் குவியல். போன் அடித்தது.

"என்ர குஞ்சு, சாப்பிடுறீங்களோ?" என்றேன்.

போனில் அவள் முகம் சுருங்கியது. எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். என் குரல் அவளுக்குப் போனிலும் கேட்டது, அறைப் பக்கமிருந்தும் கேட்டது. வாயில் புட்டோடு தலையைத் திருப்பினாள்.

"அம்மா எங்க?" என்றாள்.

"இஞ்ச வாங்கோ."

போனில் வெறும் கதிரை தெரிந்தது. காலடிச் சத்தம் கேட்டது. திரைச்சீலைக்குக் கீழே முதலில் இரண்டு பாதம், பிறகு முழுப் பிள்ளை. என்னைப் பார்த்தாள், கலண்டரைப் பார்த்தாள், என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். குசினிப் பக்கம் திரும்பி, "அப்பா, அம்மா இஞ்ச" என்று அவருக்குச் சொன்னாள், அவருக்குத் தெரியாது என்பதுபோல.

பிறகு கட்டிலில் ஏறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. புட்டும் மீன்குழம்புமாக இருந்த கையை, அப்போதுதான் மாற்றியிருந்த என் சட்டையில் நெஞ்சோடு அழுத்தித் துடைத்தாள். மற்றக் கையும் அப்படித்தான் இருந்தது. அதற்கும் இடம் இருக்கட்டும் என்று தோளைச் சரித்துக் கொடுத்தேன்.