வேகன்காரரின் எண்ணெய் வாசம்

விமான எஞ்சின்களைக் கட்டிப்போட்டு ஓடவிட்டுச் சோதிக்கும் தொழிற்சாலையில் என் மாமாவுக்கு வேலை. சரக்கு ரயிலில் எரிபொருள் வந்ததும் ஒவ்வொரு வேகனிலும் குழாயை மாட்டித் தொட்டிக்கு இறக்குவார். தெருவில் அவருக்கு வேகன்காரர் என்றே பெயர்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், வேலை முடிந்து வந்தவர் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார். “என் மேல பூரா பிளேன் எண்ணெய். அடுப்புகிட்ட வந்தா வீடே பறந்துடும்.” அத்தை சிரித்துக்கொண்டே டீயை வெளியே கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றைக்கு அது நிஜமான பயம்தான். பிறகு தொழிற்சாலையிலேயே குளியலறை கட்டிவிட்டார்கள். மாமா சோப்பு மணக்க வீடு திரும்பினார். ஆனாலும் அடுக்களைக்குள் கால் வைக்கவில்லை. உட்கார்ந்த இடத்துக்கு டீ வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஓய்வு பெற்ற பிறகும், “தோலுக்குள்ள ஊறிப்போச்சு” என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை இறந்தபின் ஒருநாள் போயிருந்தேன். மாமா அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் தீக்குச்சிகளை வீணடித்துக்கொண்டிருந்தார். நான் பற்றவைத்தேன். அவர் தீயைப் பார்த்தபடியே பேசினார்.

“அவளுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. நானே டீ போடலாம்னு எழுந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘நீங்க அடுப்புப் பக்கம் போகாதீங்க, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்’னு அழறா.”

“அப்பவாவது உண்மையைச் சொன்னீங்களா மாமா?”

“இல்ல. உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரத்துல டீ வந்துச்சு.”