நாலு ஸ்பிரிங் தோல் சீட்

மலாயாவில், சிகாமட் டவுனிலிருந்து ஆறு மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் நான் டிரஸராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், டிவிஷன் டிவிஷனாகச் சைக்கிளில் போய் ஆட்கள் மலேரியாவுக்கான கொயினா மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும் என் வேலை. வயது முப்பத்திரண்டு. எடை இருநூற்று நாற்பது ராத்தலுக்கு மேல். என் உடம்பைப் பார்த்தால் நோயாளிகளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. சைக்கிள் சீட்டுகளுக்கு வரவில்லை.

ஒரே வருஷத்தில் மூன்று சீட்டுகள் போயின. முதலாவதின் ஸ்பிரிங், பலகைப் பாலத்தில் ஏறும்போது துண்டாகிச் சாக்கடைக்குள் பறந்தது. இரண்டாவது மழையில் நனைந்து தொட்டில்போலத் தொங்கிவிட்டது. பத்து நாள் அடியிலிருந்த இரும்புக் கம்பியின் மேல்தான் உட்கார்ந்து போனேன். மூன்றாவது, ரப்பர் பால் எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் முன்னால் மூக்கோடு முறிந்தது. நான் புல்லில் கிடந்தேன். ஒருத்தி வாளியை இறக்கி வைத்துவிட்டு, "ஐயா, சைக்கிளுக்கு ஒரு ஊசி போட்டுப் பாருங்களேன்" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அரிசி ஏற்றப் போன எஸ்டேட் லாரியில், முறிந்த சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போனேன். மனைவியும் வந்தாள். மூன்று சீட்டையும் நானே தேர்ந்தெடுத்ததால் இந்த முறை என்னைத் தனியாக விடுவதாயில்லை.

சைக்கிள் கடைச் சீனர் என் சீட்டை வாங்கி, கிழிந்த ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது தோல் இல்லை, மேலே தோல் ஒட்டிய அட்டை என்று மலாயில் சொன்னார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். ஒரே துண்டு மாட்டுத்தோல், என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குத் தடிப்பு. விளிம்பைச் சுற்றிப் பெரிய செப்பு ஆணிகள். பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு என்று நாலு ஸ்பிரிங். எந்தத் துரைக்கோ தருவித்ததாம். துரை மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டாராம். மனைவி ஆணிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். கடைசியில் தலையசைத்தாள்.

அப்போது வாசல் இருண்டது. ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் நின்றார். அகலத்தில் என் அண்ணன் என்று சொல்லலாம்.

"உது நான் ரெண்டு கிழமைக்கு முன்னமே சொல்லி வச்ச சீட்டெல்லோ" என்றார்.

கடைக்காரர் அதை மறந்துபோயிருந்தார். நாங்கள் இருவரும் மிகுந்த மரியாதையோடு சண்டை போட்டோம். என்னைப் பார்த்து, மெலிந்த ஆளுக்கு அவ்வளவு பெரிய சீட் எதற்கு என்றார் அவர். பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அன்று எனக்குக் கோபம் வந்தது. அவர்தான் கொடிபோல இருக்கிறார், சாதாரணச் சீட்டே அவருக்குப் போதும் என்றேன். கேட்டுக் கேட்டுச் சலித்த கடைக்காரர், யார் கனமோ அவருக்கே சீட் என்று தீர்ப்புச் சொல்லிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு கிளம்பினார்.

நிறுக்கப் போனது ஸ்டேஷன் பார்சல் தராசில். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் மூட்டைகளை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். பூட்ஸைக் கழற்ற வேண்டுமா என்று ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்பதில் நாங்கள் இருவரும் உடனே ஒத்துப்போனோம். கிளார்க் முதலில் ஏறினார். போர்ட்டர் தராசுக் குண்டை நகர்த்தி நகர்த்தி, இருநூற்று ஐம்பத்தொன்று என்று கூவினார். கிளார்க் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினேன். மூச்சுக்கும் எடை உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றியது. வைத்தியம் படித்தவன் நான். போர்ட்டர் குண்டைத் தொடுவதற்குள் மனைவியின் குரல் கேட்டது.

"அந்த உடைஞ்ச சீட்டக் கீழ வைங்க. அதையும் சேத்தா நிறுப்பாங்க?"

கீழே வைத்தேன். இருநூற்று நாற்பத்தெட்டு. மூன்று ராத்தலில் தோற்றேன். உடைந்த சீட் நான்கு ராத்தல் இருக்கும்.

திரும்பி வரும்போது லாரியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, உடைந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காக என் தட்டில் மூன்றாவது தோசை விழுவதைத் தடுத்துவந்தவள், என் முழங்காலைத் தட்டி, "விடுங்க, ஒரு மாசத்துல தேத்திரலாம்" என்றாள்.

அதற்கு அவசியம் வரவில்லை. பத்தாம் நாள் எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அந்தச் சீட்டும் ஒரு துண்டுக் கடிதமும் இருந்தன. இது சீட் அல்ல, பலகை. இதில் உட்கார்ந்ததிலிருந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். நீரே வைத்துக்கொள்ளும் என்று கிளார்க் எழுதியிருந்தார்.

பொய் சொல்லவில்லை அவர். முதல் வாரம் நானும் நின்றுகொண்டே சாப்பிட்டேன். நோயாளிகளுக்கு வைத்திருந்த துத்தநாகக் களிம்பில் பாதி எனக்கே செலவாயிற்று. தோல் இளக நாளாகும், கொழுப்பை அடிப்பக்கம் மட்டும் லேசாகத் தடவு, நனையவிடாதே, மூக்கடியில் இருக்கும் திருகை அவசரப்பட்டு முறுக்காதே என்று கடைக்காரர் சொல்லியனுப்பினார். மனைவிக்குப் பொறுமையில்லை. எனக்குத் தெரியாமல் மேலே தேங்காயெண்ணெயைப் பூசிவிட்டாள். அன்று பெரிய துரை ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். நான் அவருக்கு முன்னால் நடந்து ஒவ்வொரு கட்டிலாகக் காட்டினேன். என் வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கத்தில் தட்டு அகலத்துக்கு இரண்டு பழுப்பு வட்டங்கள் இருந்தது எனக்குத் தெரியாது. காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடப் போர்வைக்குள் குலுங்கினார்கள். துரை மட்டும் சிரிக்காமல், எனக்கு இரண்டு நாள் லீவு வேண்டுமா என்று மெதுவாக விசாரித்துவிட்டுப் போனார்.

மூன்று மாதத்தில் தோல் இறங்கிக் கொடுத்தது. இரண்டு பள்ளங்கள் விழுந்தன. நாற்காலியைவிட அதில்தான் சுகமாக இருந்தது. கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளார்க் வந்தார். சும்மா பார்க்கத்தான் என்றார். தேநீர் குடித்துவிட்டு, ஒருதரம் ஏறிப் பார்க்கலாமா என்றார். ஏறி, இடதுபக்கம் நெளிந்தார். வலதுபக்கம் நெளிந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்த நான் பிடியை இறுக்கினேன். பிடித்துப்போய்த் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது?

அவர் பெருமூச்சுவிட்டு இறங்கினார்.

"சரிவராது காணும். இது முழுக்க உம்மடை அச்சு. என்ரை பள்ளம் வேற இடத்திலை."

பிறகு வேறு ஒன்றைத் தருவித்துத் தானே பழக்கத் தொடங்கினார். மருந்துப் பெட்டிகளை எடுக்க ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம், காலை அகட்டி வைத்து நடந்து வந்து, "முப்பத்தாறாம் நாள்" என்பார்; அடுத்த முறை, "நாப்பத்திமூண்டு" என்பார். நான் களிம்பு டப்பாவைக் கொடுப்பேன். தொண்ணூறு தாண்டிய பிறகு ஒருநாள் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து சைக்கிளில் வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஏதோ கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். இவர் ஒரு கையை விட்டு எனக்கு ஆட்டிக்காட்டிவிட்டு, நிற்காமல் போய்விட்டார்.