வீட்டிலை எல்லாருக்கும் முந்தி நான் அம்மைப்பால் குத்திக்கொண்ட கதை

இண்டைக்குத்தான் அம்மா என்னோடை வாய் திறந்து கதைச்சவ!

ஒரு கிழமைக்கு மேலாய் எங்கடை வீட்டிலை எனக்கும் அவவுக்கும் கதை பேச்சு இல்லை. நான் ஒருத்தரோடையும் ஓடிப் போகேல்லைப் பாருங்கோ. அம்மைப்பால் குத்திக்கொண்டு வந்தனான், அவ்வளவுதான்.

நான் அச்சுவேலிப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலை ரீச்சர். பால் குத்துறவர் அடுத்த மாசம்தான் வருவார் எண்டு சொல்லியிருந்தது. மனிசன் திடீரெண்டு சைக்கிளிலை வந்து இறங்கீட்டார்.

கீறுற கத்தியைக் கண்டதும் பிள்ளையள் யன்னலாலை பாயத் தொடங்கீட்டுதுகள். பெரிய வாத்தியார் என்னைப் பாத்தார்.

"ரீச்சர், நீங்கள் முதல் கையை நீட்டுங்கோ. அதுகளுக்குப் பயம் தெளியட்டும்."

(தன்ரை கையை ஏன் நீட்டேல்லை எண்டு நானும் கேக்கேல்லை, அவரும் சொல்லேல்லை.)

நீட்டினன். கீறினார். பல்லைக் கடிச்சுக்கொண்டு சிரிச்சன்.

வீட்டை வந்து சட்டைக் கையை உயர்த்திக் காட்டினதுதான் நான் விட்ட பிழை!

அம்மா வேறை திட்டம் போட்டிருந்தவ. அம்மன் கோயில் பொங்கல் முடியப் பூப் பாக்கிறது. அதாவது வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புச் செவ்வரத்தம்பூ ஒரு பொட்டலம், இலையிலை சுத்திக் கோயில் அம்மாளுக்கு முன்னாலை வைச்சு ஒண்டை எடுக்கிறது. வெள்ளை வந்தால் உத்தரவு, முழு வீடும் சேர்ந்து போய்ப் பால் குத்துறது. சிவப்பு வந்தால் வேண்டாம்.

"அம்மாளிட்டைக் கேளாமல் உனக்கென்னடி அவ்வளவு அவசரம்?" எண்டா. அதோடை வாயை மூடினவதான்.

அண்ணை மூடேல்லை. கூப்பன் கடையிலையே சனம் வரிசையிலை நிக்குது, இவ மூத்தவையை விட்டிட்டு முன்னாலை பாய்ஞ்சிட்டா எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொன்னார். மச்சாள், அண்ணையின்ரை மனுசி, கிணத்தடியிலை மெல்லமாய்க் கேட்டா, சின்னப் பிள்ளையள் தாங்குமோ எண்டு. அவவின்ரை மகள் பவளத்துக்கு மூண்டு வயசு.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்திது. கையிலை கொப்புளம்.

அது பால் குத்தினால் வாற காய்ச்சல்தான் எண்டு தொண்டை நோகச் சொன்னன். ஆர் கேட்டது? அம்மாள் வந்திட்டா எண்டு வாசல்லை வேப்பிலை கட்டியாச்சு. தாளிக்கிறது, பொரிக்கிறது எல்லாம் நிப்பாட்டு. கடுகு வெடிக்காத கறியைத் திண்டு திண்டு அண்ணை என்னைப் பாத்த பார்வை இருக்கே!

அம்மா அப்பவும் கதைக்கேல்லை. "பவளம், உன்ரை மாமிக்கு உந்த இளநியைக் குடு" எண்டு பிள்ளைக்குச் சொல்லுவா. நான் பக்கத்திலைதான் கிடப்பன்.

எனக்கு அவவிலை கோவமில்லை. எனக்கு முந்திப் பிறந்த அக்கா ஒருத்தி, பவளத்தின்ரை வயசிலை அம்மாள் வருத்தத்திலை, பெரியம்மையிலை, போனவள். அதுக்குப் பிறகு அம்மா அந்த வருத்தத்தின்ரை பேரையே வாயாலை சொல்றேல்லை.

முந்தநாள் சேதி வந்திது. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வீட்டிலை உண்மையாயே அம்மாள் வருத்தமாம். பால் குத்துறவரும் வெள்ளிக்கிழமையோடை பருத்தித்துறைக்குப் போறாராம்.

பொங்கலுக்கு இன்னும் கிழமைக் கணக்கு இருக்கு. நேரை அம்மாவுக்கு முன்னாலை போய் நிண்டன்.

"என்னோடை ஆயுசுக்கும் கதைக்காதேங்கோ அம்மா. பவளத்தை மட்டும் விடுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

அம்மா என்ரை கையைப் பிடிச்சு, காயத் தொடங்கின கொப்புளத்தை வடிவாய்ப் பாத்தா. பிறகு அண்ணையைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை விடியவே பூப் பாப்பம் எண்டா.

வெள்ளி, இண்டைக்கு.

பூ ஆய்ஞ்சது அம்மா. இலையிலை சுத்திக் கட்டினதும் அம்மா. கோயில்லை பூசாரி இரண்டு பொட்டலத்தையும் அம்மாளின்ரை காலடியிலை வைச்சார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுத்தார். மச்சாள் பவளத்தை இறுக்கின இறுக்கிலை பிள்ளை கத்துது.

பிரிச்சார். நந்தியாவட்டை! பால் வெள்ளை!

மச்சாள் அந்த இடத்திலையே அழுதிட்டா. நானும்தான்.

அங்கையிருந்து நேரை பள்ளிக்கூடம், பால் குத்துறவரிட்டை. பவளம் போட்ட சத்தம் அச்சுவேலிச் சந்தைக்குக் கேட்டிருக்கும். அண்ணை கீற முதலே முகத்தை மற்றப் பக்கம் திருப்பீட்டார் (வரிசை பற்றிக் கதைச்ச அதே அண்ணை). அம்மா கையை நீட்டினா.

வீட்டை வந்தாப் பிறகுதான் பாத்தன், மற்றப் பொட்டலம் அருச்சனைத் தட்டிலை அப்பிடியே கிடக்கு. பூவைக் கிணத்தடி மரத்துக்குப் போடுவம் எண்டு பிரிச்சன்.

அதுக்குள்ளையும் நந்தியாவட்டை.

அண்ணைதான் ஏதோ விளையாட்டு விட்டிருக்கிறார் எண்டு நினைச்சு அவரிட்டைக் காட்டினன். மனிசன் முழி பிதுங்க நிக்கிறார். இரண்டு பேரும் ஒண்டாய்த் திரும்பி அம்மாவைப் பாத்தம்.

அம்மா அடுப்படியிலை தாளிக்கிற தாச்சியைக் கழுவிக்கொண்டு நிண்டவ. நிமிரேல்லை.

"செவ்வரத்தை பூக்கேல்லைப் பிள்ளை."

ஒரு கிழமைக்குப் பிறகு அம்மா என்னோடை கதைச்ச முதல் கதை இதுதான்!

நான் கிணத்தடியைப் பாத்தன். செவ்வரத்தை மரம் இலை தெரியாமல் சிவப்பாய்ப் பூத்துக் கிடக்கு.

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு கொடுப்புக்குள்ளை சிரிச்சா. அண்ணைக்கு இப்ப ஒரே கவலைதான், இனி முழு வீட்டுக்கும் காய்ச்சல் வந்தால் கடுகு தாளிக்க எத்தினை நாள் செல்லும் எண்டு.

நீங்கள் சொல்லுங்கோ, கோயில்லை இருக்கிற அம்மாள் இதுக்குக் கோவிப்பாவோ?

எனக்கெண்டால், அவவும் கொடுப்புக்குள்ளை சிரிச்சிருப்பா போலத்தான் கிடக்கு.